பழைய ஊட்டியை நடந்து பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

நிறைய பேர் சேரிங் கிராஸ் நீரூற்றின் முன் போட்டோ எடுத்துவிட்டு அங்கிருந்தே நடக்கத் தொடங்குகிறார்கள். அது 1886-ல் வந்தது, கதையின் கடைசிப் பக்கம். முதலில் ஆட்டோ பிடித்து அரசு கலைக் கல்லூரிக்குப் போங்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற இடம், வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்தது பெரிய தவறு: சல்லிவன் வரும்வரை இந்த மலை சும்மா கிடந்தது என்று நினைப்பது. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் எல்லோரும் அவருக்கு எவ்வளவோ முன்பிருந்தே இங்கே வாழ்ந்தவர்கள். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கியவர் சல்லிவன், அதே தோடர்களின் நில உரிமைக்காகக் கிழக்கிந்தியக் கும்பெனி அரசிடம் வாதாடியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வழிகாட்டியை நம்பாதீர்கள்.

செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம். உள்ளே போய் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் அந்தப் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹால் அரண்மனையில் இருந்து பிரித்தெடுத்தவை, ரயிலும் லாரியும் இல்லாத காலத்தில் அவ்வளவு கனத்தையும் மலைக்கு ஏற்றி 1830-ல் தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். கவர்னர் பெயர் கல்வெட்டில் இருக்கும், இழுத்துத் தூக்கிய ஆட்களின் பெயர் எங்கும் இருக்காது. அப்புறம் பின்பக்கச் சரிவில் இருக்கும் கல்லறைகளுக்குப் போங்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பாசி பிடித்த கற்களில் பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் கழித்துப் பார்த்துக்கொண்டே நடந்தால் எத்தனை குழந்தைகள் என்று தெரியும். அந்தக் கற்கள் மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள், தயவுசெய்து.

நீலகிரி நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய சிஸ்ஹோம் வரைந்த கட்டடம். உறுப்பினர்களுக்கான இடம் என்பதால் அனுமதி கேட்காமல் நுழைய வேண்டாம்.

மார்க்கெட்டை அழுக்கு என்று ஒதுக்குவதும் தவறு. காரட் மூட்டை இறங்குகிற நேரத்தில் ஓரமாக நில்லுங்கள், ஒரே கடையில் படக மொழி, கன்னடம், மலையாளம், தமிழ் நாலும் காதில் விழும். 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து இந்த மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் பல. பங்களாக்களை மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர் மந்து இருக்கிறது. அது காட்சிசாலை இல்லை, ஜனங்கள் குடியிருக்கிற இடம். கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள், கோயில் பக்கம் போகாதீர்கள்.

மற்றபடி, காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், தடை இருக்கிறது. மே மாதக் கூட்டத்தில் இந்த நடை சரிப்படாது.