மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பறவைகளைக் கண்ணாலும் காதாலும் இனங்காணப் பழகுதல்

பறவைகளை அறிந்துகொள்ள விரும்புகின்றவர்கள் பெரும்பாலும் பறவைகள் சரணாலயமான குமனைக்குப் போவதிலிருந்தே தொடங்க நினைக்கிறார்கள். குமனைக்குக் கட்டாயம் போக வேண்டும், ஆனால் முதலில் அல்ல. ஒரே காலையில் நாற்பது ஐம்பது வகைப் பறவைகள் கண்முன்னே வந்து போகும் இடத்தில், ஒன்றையும் முறையாகப் பார்க்காமலே திரும்பிவிட நேரும். உங்கள் வளவையும், வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள ஒரு வாவிக்கரையையோ குளக்கட்டையோ வயல் வரம்பையோ தெரிந்தெடுத்து, ஆண்டு முழுவதும் அதே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போய்வாருங்கள். வழக்கமாக அங்கே இருப்பவை எவை என்று தெரிந்தவருக்குத்தான் புதிதாக வந்த ஒன்று உடனே கண்ணில் படும், காதிலும் விழும்.

பறவையைக் கண்டதும் மனம் நிறத்தைத்தான் முதலில் பற்றிக்கொள்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கப் பழகுவதே இந்தக் கலையின் முதற்பாடம் என்று நான் கருதுகிறேன். ஏனெனில், நிறம் வெளிச்சத்துக்கேற்ப மாறித் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும், குஞ்சுக்கும் தாய்க்கும், இனப்பெருக்க காலத்துக்கும் மற்றக் காலத்துக்கும் வேறுபடும். முதலில் பருமனைப் பாருங்கள்: அது ஊர்க்குருவியளவா, மைனாவளவா, காகத்தளவா, அதிலும் பெரிதா? அடுத்து அலகின் நீளத்தையும் வளைவையும், கால்களின் நீளத்தையும், வாலின் வடிவத்தையும் பாருங்கள். பின்னர் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். வயல் வரம்பில் மண்ணிறமாக, கோடு கோடாக, அசையாமல் குந்தியிருக்கும் குளக்கொக்கு எழுந்து பறக்கும் கணத்தில் முழு வெள்ளையாகிவிடுகிறது. இருக்கும்போது மறைந்திருந்த வெள்ளைச் சிறகுகள் அப்போதுதான் விரிகின்றன. நிறத்தை மட்டும் குறித்துக்கொண்டவர் அங்கே இரண்டு பறவைகளைக் கண்டதாக எழுதிவிடுவார்.

கொக்குகளில் சற்று நேரம் செலவிடலாம், ஏனென்றால் நம் பகுதியில் எங்கு நின்றாலும் கண்ணுக்குத் தெரிபவை அவைதாம், நன்றாகப் பயிற்சி தருபவையும் அவைதாம். எல்லாவற்றையும் 'வெள்ளைக் கொக்கு' என்று சொல்லிக் கடந்து போகிறோம். உண்மையில் அங்கே நான்கு வகைகள் இருக்கின்றன. உழவு இயந்திரத்தின் பின்னாலும் மாடுகளின் காலடியிலும் திரிகின்ற, கட்டைக் கழுத்தும் குட்டையான மஞ்சள் அலகும் கொண்டது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறும். கறுத்த அலகும் கறுத்த காலும் உள்ள மெல்லிய கொக்கு, சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது விரல்கள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால், அது சின்னக் கொக்கு. அது ஒரு காலால் சேற்றைக் கலக்கி, கலங்கி ஓடும் மீனைக் கொத்துவதை வாவியின் ஆழமற்ற ஓரங்களில் பார்க்கலாம். மீதமுள்ள இரண்டும், அதாவது பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும், தொடக்கத்தில் எவரையும் குழப்பும். இரண்டுக்கும் கால் கறுப்பு. இரண்டின் அலகும் வழக்கமாக மஞ்சளாகவும், இனப்பெருக்க காலத்தில் கறுப்பாகவும் இருக்கும். அவற்றைப் பிரித்தறிய வாயின் கோட்டைப் பாருங்கள். அலகின் பிளவு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் அது நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டு சென்றால் பெரிய கொக்கு. பெரிய கொக்கின் நீண்ட கழுத்து நடுவில் முறிந்ததுபோல் மடிந்திருப்பதும் உதவும். இந்த ஒரு கோட்டைத் தேடிப் பார்க்கத் தொடங்கியவருடைய கண், வேறு பறவைகளிலும் இத்தகைய சிறு அடையாளங்களைத் தானாகவே தேடத் தொடங்கிவிடும்.

எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி நமக்கு இதில் பெரிய வசதி செய்து தந்திருக்கிறது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருப்பவர்கள் காலையில் வாவியை நோக்கி நின்றால் சூரியன் முதுகுப்புறம் இருக்கும். நீர்ப்பரப்பிலுள்ள பறவையின் அலகு, கால், கண் எல்லாம் தெளிவாகத் தெரியும். மேற்குக் கரையான படுவான்கரையில் இருப்பவர்களுக்கு அதே வசதி பின்னேரத்தில் கிடைக்கும். இதை மாற்றிச் செய்தால், மினுங்கும் தண்ணீரின் மேல் கறுத்த நிழலுருவங்களையே காண்பீர்கள்; நீர்க்காகத்தையும், கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் பாம்புத்தாராவையும் தவிர எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

இனி, காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு அகப்படும் பறவைகளைவிடக் காதுக்கு அகப்படுபவை அதிகம். மரங்கள் அடர்ந்த வளவில் இருப்பவற்றுள் பாதியை நீங்கள் குரலால்தான் அறிவீர்கள். விடிவதற்கு முன் எழுந்து, கண்களை மூடிக்கொண்டு பத்து நிமிடம் வெளியே இருங்கள். பெயர் தேட வேண்டாம். எத்தனை வேறு குரல்கள் கேட்கின்றன என்று மட்டும் எண்ணுங்கள். அதன்பின் அவற்றில் ஒன்றை, ஒன்றை மட்டும், தெரிந்தெடுத்து, அந்தக் குரலுக்குரிய பறவையைக் கண்ணால் காணும்வரை அதைப் பின்தொடருங்கள். பதிவு செய்யப்பட்ட ஒலிகளை வீட்டிலிருந்து நூறு முறை கேட்டாலும், குரல் எழும்போது அசையும் தொண்டையை ஒரு முறை நேரில் பார்த்ததற்கு ஈடாகாது. அப்படிக் கற்ற குரல் மறப்பதில்லை.

குரலைக் குறித்துக்கொள்ளும்போது அதை உங்கள் வாய்க்கு வரும் தமிழ் எழுத்துக்களிலேயே எழுதுங்கள். பிறர் எழுதியதை அப்படியே எடுத்தாள வேண்டியதில்லை. அதோடு நான்கு கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். குரல் தடித்ததா, மெல்லியதா? ஏறுகிறதா, இறங்குகிறதா, ஒரே நிலையில் நிற்கிறதா? எத்தனை அசைகள்? திரும்பச் சொல்லும்போது இடைவெளி விடுகிறதா? சித்திரை நெருங்கும் நாட்களில் ஆண் குயில் 'கூ-ஊ, கூ-ஊ' என்று ஒவ்வொரு முறையும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்திவிடும். புள்ளி போட்ட மண்ணிற உடலுள்ள பெண் குயிலோ அப்படிக் கூவுவதில்லை. 'கிக்-கிக்-கிக்' என்று பதறியடிக்கும் அதன் குரலை வேறு பறவையின் குரல் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். செண்பகத்தின் 'ஊப்-ஊப்-ஊப்' ஆழமாக, பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ஒன்று தொடங்கினால் அதன் துணை சற்று வேறு சுருதியில் சேர்ந்துகொள்வதும் உண்டு. புள்ளிப்புறா 'குரூ-குக்-குரூ' என்று இழுத்து நிறுத்தும்.

உச்சிவெயிலிலும் ஓயாமல் கேட்கும் இரண்டு குரல்களைப் பிரித்தறிவது நல்ல பயிற்சி. இரண்டும் குக்குறுவான் இனத்தவை, இரண்டும் பச்சை நிறமாதலால் இலைகளுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாதவை. பெரியது, மண்ணிறத் தலையுள்ளது, முதலில் 'க்ர்ர்ர்' என்று உருட்டிவிட்டு 'குட்ரூ-குட்ரூ-குட்ரூ' என்று தொடரும். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, மார்பிலும் நெற்றியிலும் சிவப்புள்ள செம்மார்புக் குக்குறுவான் செம்பு தட்டுவதுபோல் 'டுக், டுக், டுக்' என்று அளந்து வைத்த இடைவெளியில் அடித்துக்கொண்டேயிருக்கும். கூவும்போது அது தலையை அங்குமிங்கும் திருப்புவதால், குரல் ஒரு முறை வலப்பக்கத்திலிருந்தும் மறு முறை இடப்பக்கத்திலிருந்தும் வருவதாகத் தோன்றும். மரம் மாறிவிட்டதென்று எண்ணி அலைய வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்று, இலையற்ற உச்சிக்கிளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மீன்கொத்திகளையும் குரலால் பிரிக்கலாம். தந்திக் கம்பியிலிருந்து நடுங்கும் குரலில் உரக்கக் கனைப்பது வெண்மார்பு மீன்கொத்தி. அதைத் தண்ணீரே இல்லாத வளவிலும் காணலாம். கூரிய 'சீ' என்ற ஒலியோடு நீருக்கு மேல் தாழப் பறந்து மறைவது சிறு நீல மீன்கொத்தி. கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டிகள் இருந்தால் ஆண், இடையில் அறுந்த ஒற்றைப் பட்டி இருந்தால் பெண். ஆட்காட்டியின் அலறல் எல்லோருக்கும் தெரியும், இரவிலும் கேட்கும். ஆனால் ஈரமான வயற்புறத்தில் இருப்பது கண்ணருகே சிவந்த சதையுள்ளது என்பதையும், காய்ந்த வெட்டைகளில் மஞ்சள் சதையுள்ள இன்னொரு வகை இருப்பதையும் சேர்த்து அறிந்துகொள்ளுங்கள். இரட்டைவால் குருவி ஒன்று அருகில் இருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது மற்றப் பறவைகளின் குரல்களைப் பிரதி செய்யும். கண்ணால் காணாத அரிய குரல் ஒன்றைக் குறித்துக்கொள்வதற்கு முன், அந்தக் கிளையில் இருப்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதங்களும் ஓர் அடையாளமே. பல பறவைகள் புரட்டாதி, ஐப்பசியளவில் வடக்கிலிருந்து வந்து, சித்திரையளவில் திரும்புகின்றன. ஆறுமணிக்குருவி ஒக்டோபரில் வந்து, சருகு விழுந்த மரநிழல்களில் தங்கி, காலையிலும் மாலையிலும் ஆறு மணியையொட்டி இரண்டு அசைகளில் சீழ்க்கையடிக்கும். அந்த வேளையில் அந்தக் குரலைக் கேட்டால் பச்சை முதுகையும் சிவந்த அடிவயிற்றையும் தரையில்தான் தேட வேண்டும். மாரி மழையில் வயல்கள் வெள்ளக்காடாகும்போது மீசை ஆலாக்கள் அவற்றின் மேல் தாழப் பறந்து திரியும். முகத்துவாரங்களின் சேற்றுத் திட்டுகளில் கூடும் உள்ளான் வகைகளைக் கண்ணால் பிரிப்பது கடினம். நான் புதியவர்களுக்கு அவற்றைக் குரலோடு சேர்த்தே சொல்லிக்கொடுப்பேன். செங்கால் உள்ளான் எழுந்து பறக்கும்போது மூன்று அசைகளில் இறங்கும் குரலெழுப்பும், சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை தெரியும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள சின்னக் குதிரைமலைக்கோட்டான் ஒரே சுருதியில் ஏறத்தாழ ஏழு முறை விரைவாகச் சீழ்க்கையடிக்கும். கற்களின் மேல் தனியாக நின்று பின்னுடலை ஓயாது ஆட்டிக்கொண்டிருப்பது சாதாரண உள்ளான். அந்த ஆட்டமே அதற்குப் போதிய அடையாளம்.

கருவிகளில் அதிகம் செலவிட வேண்டாம். குறிப்பேடு ஒன்றும் பென்சிலும் முதலில் வேண்டும். பைனாகுலர் வாங்கினால் 8x42 என்று பொறித்ததை வாங்குங்கள். 8 என்பது பெருப்பிக்கும் மடங்கு, 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். பத்து, பன்னிரண்டு மடங்கு கொண்டவை கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருப்பிப்பதால் தொடக்கத்தில் தொல்லையே தரும். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தப் பழகுங்கள். கீழே குனிந்து கருவியைப் பார்த்தால் பறவையை இழந்துவிடுவீர்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவுசெய்து, சேனோ-கான்டோ என்னும் இணையத் தொகுப்பிலுள்ள ஒலிகளோடு ஒப்பிடலாம். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் தளத்தில் உங்கள் பட்டியல்களை இடம், திகதியோடு சேமிக்கலாம்; அதே ஆய்வகத்தின் மேர்லின் செயலி ஒரு பெயரை முன்வைத்தால், அதை விடையாகக் கொள்ளாமல், போய்ச் சரிபார்க்க வேண்டிய ஊகமாகக் கொள்ளுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டதென்று எண்ணி அது கூட்டை விட்டு வரும். அந்த நேரத்தில் முட்டையும் குஞ்சும் காவலின்றிக் கிடக்கும்.

இவ்வளவும் ஓரளவு கைவந்தபின் குமனைக்குப் போகலாம். பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகச் செல்லும் அந்த இடம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. குமனை வில் என்னும் நீர்நிலையைச் சூழ்ந்த கண்டற்காட்டில் நாரைகள், கொக்குகள், கரண்டிவாயன்கள், அரிவாள் மூக்கன்கள் ஆண்டின் நடுப்பகுதியில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மேற்கே 1954இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கல்லோயாவில் சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தின் மேல் படகில் சென்று பார்க்கலாம். லாகுகலைத் தேசியப் பூங்காவில் பறவையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாகனத்திலிருந்து இறங்கி நடக்க வேண்டாம். அது யானைகள் திரியும் இடம்.

கூடு கட்டும் காலத்தில் குமனையில் பறவைகளின் பெருந்தொகையைவிடக் குஞ்சுகளே உங்களைத் திணறடிக்கும். சங்குவளை நாரையின் இளம்பறவைக்குத் தாயின் இளஞ்சிவப்புச் சிறகும் மஞ்சள் அலகின் பளிச்சும் இராது. அழுக்கு மண்ணிறமாக இருக்கும். இராக்கொக்கின் இளம்பறவை மண்ணிற உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு குளக்கொக்கையே ஒத்திருக்கும், ஆனால் பறக்கும்போது சிறகு வெள்ளையாகாது. இத்தகைய பறவையைக் கண்டு முடிவுக்கு வர இயலாதபோது ஏதாவதொரு பெயரை எழுதிவிடாதீர்கள். அலகு, கால், செயல், குரல் ஆகியவற்றை எழுதி, இயன்றால் கோட்டுப்படமும் கீறி, பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அதே பறவையை அடுத்த ஆண்டு முதிர்ந்த இறகோடு காணும்போது நிரப்பிக்கொள்ளலாம்.