தீவு நாட்டில் கடலியல்: கப்பல் வருமுன் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் கடல் உயிரியல் படிப்பிக்கிறேன். "ஆய்வுக் கப்பல் இல்லாமல் என்ன செய்வது சேர்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன். நோர்வேயின் ஆய்வுக் கப்பலான நான்சன் 1978 முதல் 1980 வரை இலங்கைக் கடலில் மீன்வளத்தை ஆராய்ந்தது. மறுபடி வந்தது 2018இல். இடைப்பட்ட காலத்தில் கடல் எப்படி மாறியது என்று கரையில் இருப்பவர்கள்தான் விடாமல் பார்த்து எழுதி வைக்க முடியும்.

முதலில் ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, ஒரேயொரு அளவீட்டை எடுங்கள். நான் நீரின் வெப்பநிலையைச் சொல்வேன். 1998இலும் 2016இலும் நம் பவளப்பாறைகள் வெளுத்ததற்குச் சூடுதான் காரணம். செய்மதி காட்டுவது கடலின் மேற்பரப்பை மட்டும். பாறையடியில் உள்ள சூட்டை அங்கேயே வைத்து அளக்க வேண்டும்.

இதற்கென்று, வெப்பநிலையைத் தானாகவே அளந்து பதிந்துவைக்கும் விரலளவு பதிகருவிகள் கிடைக்கும். இடத்துக்கு இரண்டு வையுங்கள், ஒன்று பழுதானாலும் அளவீட்டுத் தொடர் அறாது. இறக்குவதற்கு முன் நொறுக்கிய ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த பெட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுங்கள்; பூச்சியம் பாகை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகும் இதையே செய்யுங்கள். உணரி தவிர மற்றப் பகுதிக்கு மின்சார டேப் சுற்றினால், படிந்த கொட்டலசு (ஓடுள்ள ஒட்டுயிர்) டேப்போடு உரிந்து வரும். ஆழம் குறைந்த இடத்தில் வெயில் கருவியையே சூடாக்கிவிடும், அதனால் துளையிட்ட பிவிசி குழாய்க்குள் வையுங்கள். நேரத்தை இலங்கை நேரமா, சர்வதேச நேரமா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். ஐந்தரை மணித்தியாலக் குழப்பம் பிறகு தீராது.

அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடம் முதலே சொல்லிவிடுங்கள். வலை எங்கே படும், சோழகக் காற்றுக் காலத்தில் எந்தப் பக்கம் கலங்கும், சாதாழை (கடற்புல்) எங்கே அடர்ந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் பெயர்களையும் தரவோடு பதியுங்கள்.

அடுத்தது ஆள். கருவியைக் கழுவி, பற்றரி மாற்றி, தரவை இறக்கும் தொழில்நுட்பவியலாளருக்கு நிரந்தரப் பதவி கேளுங்கள். திட்டப் பணம் முடிந்ததும் ஆள் போய்விட்டால் அளவீட்டுத் தொடரும் முடிந்துவிடும்.

வெளிநாட்டுக் குழு வந்தால் வரவேற்போம். ஆனால் வந்து அள்ளிக்கொண்டு போகும் ஆய்வை இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் போன்றவர்கள் கண்டிப்பது நியாயம்தான். மாதிரியில் ஒரு பங்கும் மூலத் தரவும் இங்கே தங்க வேண்டும், கட்டுரையில் நம் மாணவர் பெயர் வர வேண்டும். இவற்றைப் படகில் ஏறுமுன் எழுத்தில் வாங்குங்கள். டிஎன்ஏ பார்க்க வேண்டிய மாதிரியை ஃபோர்மலினில் போட விடாதீர்கள், எதனோல்தான் சரி.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. இப்படியான நேரத்தில் இழப்பீடு கேட்கப் போனால், முன்பு இந்தக் கரை எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் வெப்பநிலைத் தொடர் ஓடத் தொடங்கியதும், அதே இடத்தில் மாதத்துக்கு ஒரு தடவை கரை மணலையும் சலித்து, அதிலுள்ள பிளாஸ்ரிக் மணிகளை எண்ணத் தொடங்குங்கள்.