வெயில் மூலைக்குப் பழச்செடி: நாம் சறுக்கும் இடங்கள்

நர்சரிக்குள் நுழைந்ததும் கண் போவது காய்த்திருக்கும் செடி மேல்தான். முழங்கால் உயர மாதுளை, அதில் சிவந்து தொங்கும் இரண்டு பழம். விலை கேட்கிறோம், தூக்கி வண்டியில் வைக்கிறோம். சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதல் மாதுளை அப்படித்தான் வந்து சேர்ந்தது. நட்ட பத்து நாளில் இரண்டும் உதிர்ந்தன. அடுத்த பிஞ்சைப் பார்க்க இரண்டு வருஷம் ஆயிற்று. பையில் இருக்கும்போதே காய் சுமந்த செடிக்கு வேர் ஓடத் தெம்பு மிச்சம் இருக்காது. காயே இல்லாமல், தண்டு தடித்து, நாலைந்து பக்கக் கிளை விட்ட கன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஆசை தாங்காமல் காயோடு வாங்கினால், நட்ட அன்றே காயைக் கிள்ளிவிடுங்கள்.

ஆனால் கடைக்குப் போகும் முன்பே ஒரு தவறு நடந்துவிடுகிறது. வெயிலை மே மாதத்தில் பார்த்து இடம் முடிவு செய்வது. ‘வீட்டுக்கு வடக்கே நல்லா வெயில் அடிக்குது’ என்பார்கள். மே மாதத்துக்கு அது உண்மைதான். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் அது சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும். அதனால் வடக்குச் சுவரடியிலும் வெயில் கொளுத்தும். டிசம்பரில் அதே சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 10 அடிச் சுவர் நண்பகலிலேயே வடக்குப் பக்கம் 7 அடிக்கு மேல் நிழல் போடும். மாடி வீடு என்றால் கேட்கவே வேண்டாம், அந்தப் பக்கம் முழுக்க இருட்டு.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கும், 12 மணிக்கும், மாலை 3 மணிக்கும் நிழலின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். மண் தரையானால் கல்லை வையுங்கள். அந்த மாதத்திலும் ஆறு மணி நேரம் வெயில் விழுந்தால் அதை நம்பி எலுமிச்சையோ மாதுளையோ வைக்கலாம். வீட்டில் சிரிப்பார்கள். என்னையும் சிரித்தார்கள்.

வெயில் தாராளமாக இருக்கிறதே என்று மேற்குச் சுவரை ஒட்டி நடுவதும் வம்பு. பிற்பகல் முழுக்கக் குடித்த சூட்டைச் சுவர் ராத்திரியில் கக்கும். இளம் எலுமிச்சையின் தண்டு முதல் கோடையிலேயே வெந்து பட்டை வெடித்துவிடும். மூன்றடியாவது தள்ளி வையுங்கள். தண்டில் சுண்ணாம்பு பூசினால் சூடு கொஞ்சம் தணியும்.

அடுத்து, ஊர் மாறிய செடி. ப்ளூபெர்ரி கன்று விற்கும் விளம்பரம் இப்போது தினமும் கண்ணில் படுகிறது. அதற்குக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும், மண் புளிப்பாக, அதாவது பி.எச். 4.5 முதல் 5.5-க்குள் இருக்க வேண்டும். தொட்டியில் அப்படி மண் கலந்து வைத்தாலும், உப்பு படியும் போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்தப் புளிப்பு போய்விடும். கருநீலப் பழம்தான் வேண்டுமென்றால் நம் களாக்காய் இருக்கிறது. பழுத்தால் கறுத்து மினுங்கும், பழுக்காதது ஊறுகாய்க்கு ஆகும், வேரூன்றிவிட்டால் தண்ணீரை மறந்தாலும் கோபிக்காது. முள் மட்டும் பொல்லாதது. நடைபாதை ஓரத்தில் வைக்காமல் வேலியோரமாக வையுங்கள்.

மாதுளை வெயிலுக்குப் பிள்ளை, ஆனால் கடற்கரை ஈரக்காற்றுக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளை. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாதிரி வறண்ட இடத்தில் கொழிப்பது இங்கே கரும்புள்ளி விழுந்து நிற்கும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று மழை பெய்தால் பழம் பிளந்துகொள்ளும். பிஞ்சைக் குடையும் புழுவுக்குப் பயந்து எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பை கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் தயார் என்றால் வையுங்கள். இல்லையென்றால் பார்படோஸ் செர்ரிதான் என் சிபாரிசு. பறித்த பழம் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது என்பதால் கடையில் கிடைப்பது அரிது. வைட்டமின் சி கொட்டிக் கிடக்கிறது. அணிலுக்கும் அது தெரியும்.

பெயரிலும் ஏமாறுகிறோம். ‘அத்தி’ என்று மட்டும் கேட்டால் நாட்டு அத்தியைக் கொடுத்துவிடக்கூடும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அது பெருமரம். சின்னத் தோட்டத்தில் காம்பவுண்டுச் சுவருக்குக் கேடு. உலர்பழமாக நாம் தின்பது சீமை அத்தி. அதன் இலை விரித்த கைபோல மடல் மடலாக இருக்கும், நாட்டு அத்தியின் இலையில் அந்தப் பிளவு கிடையாது. மல்பெரியிலும் இதே கதைதான். பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் வாங்கிய வி1 குச்சியை நட்டுவிட்டுப் பழத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அது இலைக்காகவே வளர்க்கும் ரகம்.

ஒட்டுச்செடியா (ஒரு செடியின் வேர்த்தண்டில் வேறொரு நல்ல ரகத்தை ஒட்டியது), விதைக்கன்றா என்று கேட்காமல் வாங்குவது பழைய தவறு. விதையிலிருந்து வந்த எலுமிச்சை காய்க்க நாலைந்து வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். பதியனோ (கிளையிலேயே வேர் விடவைத்துப் பிரித்த கன்று) ஒட்டோ சீக்கிரம் காய்க்கும். ஆனால் ஒட்டுச்செடியில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஓர் எலுமிச்சை திடீரென்று கிடுகிடுவென வளர்ந்தது. நீள நீள முள், பளபளவென்று இலை. வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. குனிந்து பார்த்தால் துளிர் எல்லாம் ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே இருந்து கிளம்பியவை. மேலே இருந்த நல்ல ரகம் எப்போதோ காய்ந்து குச்சியாகியிருந்தது. கீழ்த்துளிரைக் கண்டவுடன் ஒடித்துவிட வேண்டும். நடும்போது அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே ஒரு கைப்பிடி உயரமாவது தெரிய வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் பாலித்தீன் நாடாவை, ஒட்டு நன்றாகப் பிடித்த பிறகு, பிளேடால் நெடுக்கில் கீறி எடுத்துவிடுங்கள். மறந்துபோனால் தண்டு தடிக்கத் தடிக்க அதுவே கழுத்தை நெரிக்கும்.