‘ஃபைன்’ என்ற சொல்லில் சறுக்கும் இடங்கள்

போன கிழமை வெள்ளவத்தையில் என் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி, தன் தோழிக்காக எழுதிய பரிந்துரைக் கடிதத்தைக் காட்டினார். கடைசி வரி: “ஹேர் வேர்க் இஸ் ஃபைன்.” பதினைந்து வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. வாசித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

பாராட்டு என்று நினைத்து எழுதுவது

அப்போது கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். என்னுடன் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரி. மாதக் கணக்கு முடிக்க மற்றவர்களுக்கு மூன்று நாள் என்றால், அவளுக்கு ஒரு நாள் போதும். ஒப்பந்தம் முடியும் நேரத்தில் லண்டனில் இருந்த மேலாளர், அவளுடைய வேலை எப்படி என்று மின்னஞ்சலில் கேட்டார். ‘அருமை’ என்ற எண்ணத்தோடு அந்த வரியை எழுதி அனுப்பினேன். ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. பிறகு கொழும்புக்கு வந்த மேலாளரிடம் காரணம் கேட்டேன். “நீங்களே பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையே” என்றார்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் “ஹவ் ஆர் யூ? ஃபைன், தேங்க் யூ” என்று பாடமாக்கினோம். ஃபைன் என்றால் நலம், நலம் என்றால் நல்லது என்று மனதில் பதிந்துவிட்டது. சொல் நிற்கும் இடத்தைப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் அது பெரும்பாலும் பாராட்டு. “எ ஃபைன் டீச்சர்” என்றால் சிறந்த ஆசிரியர். அதே சொல் ‘இஸ்’ஸுக்குப் பின்னால் போனால் இறங்கிவிடும். “த டீச்சர் இஸ் ஃபைன்” என்றால் ஆசிரியர் சுகமாக இருக்கிறார், அல்லது அவர் பரவாயில்லை. சாப்பாடு, வேலை, கட்டுரை எல்லாவற்றுக்கும் இப்படித்தான். வானிலை மட்டும் விலக்கு: “த வெதர் இஸ் ஃபைன்” என்றால் மழையில்லாத நல்ல நாள்தான்.

அதனால் அந்த இடத்தில் நம்முடைய ‘பரவாயில்லை’யை வைத்துப் பாருங்கள். “அவளுடைய வேலை பரவாயில்லை” என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதுவீர்களா? ‘எக்ஸலன்ட்’ என்று எழுதுங்கள். அப்புறம் அந்த ஆள் செய்த ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று நாள் கணக்கை ஒரு நாளில் முடித்தாள் என்று அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

மாணவி கேட்டார்: “மிஸ், நல்லா இருக்கு எண்டுதானே எழுதினேன்?” நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

தேத்தண்ணி வேண்டுமா?

விருந்தாளி “ஐம் ஃபைன்” என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இங்கேயும் அதே பரவாயில்லைதான். சுகம் சொல்கிறார் என்று நினைத்து பிளேன்டீ ஊற்றப் போகாதீர்கள். நீங்கள் விருந்தாளியாகப் போன இடத்தில் தேநீர் வேண்டுமென்றால், “யெஸ், ப்ளீஸ்.”

ஒற்றைச் சொல் பதில்

கோரிக்கைக்கு “ஃபைன்.” என்று மட்டும் அனுப்பினால், மனமில்லாமல் ஒத்துக்கொண்டதுபோல் இருக்கும். “தட்ஸ் ஃபைன், தேங்க்ஸ்” போதும்.

தண்டப்பணம்

இது எல்லாருக்கும் தெரியும். தொகைக்கு முன் ‘ஒவ்’, குற்றத்துக்கு முன் ‘ஃபோர்’ போடுங்கள், அவ்வளவுதான். இந்த ஃபைன், முடிவு என்று பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது: பணம் கட்டி விவகாரத்தை முடிப்பது. பாராட்டும் ஃபைனுக்கும் வேர் அதுதான்.

ஃபைன் பிரின்ட்

அழகான அச்சு இல்லை. பத்திரத்தின் அடியில் வரும் பொடி எழுத்து. ஃபைன் ஸான்ட் என்றால் நுண்மணல், அதே பொருள்தான். லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுக்கிறவர்கள் கையெழுத்துப் போட முன், கடனை முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு கட்டணம் என்று அங்கேதான் தேட வேண்டும்.