ஸ்ப்ளின்டர் செல் கேயொஸ் தியரி: ஒளிந்து ஆடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூபிசொஃப்ட் 2005 மார்ச்சில் வெளியிட்ட கேம் இது. பழைய கொம்பியூட்டரிலும் தடங்கல் இல்லாமல் ஓடும் என்பதால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இப்போதும் இதைப் புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆனால் பலர் முதல் மிஷனிலேயே வெறுத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஒளிந்து ஆடும் உளவு கேம்களில் இதற்கு இணையாக நான் வைப்பவை மிகக் குறைவு. வெறுப்பு வருவதற்குக் காரணமும் எப்போதும் ஒன்றுதான். அடுத்த அடி வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் கேம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாம்தான் அதை வாங்கிக்கொள்ளாமல் ஓடுகிறோம்.

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரு நாட்டுக் கடற்கரை, இரவு, மழை. இரண்டு காவலாளிகள் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். "அண்ணே, ரெண்டு பேரையும் சுட்டுட்டுப் போனா என்ன?" என்று கேட்டான். "சுடு, பார்ப்போம்" என்றேன். முதல் ஆள் விழுந்தான். இரண்டாவது ஆள் திருப்பிச் சுட்டான், சத்தம் கேட்டு இன்னொருவனும் வந்தான். அவ்வளவுதான், கதை முடிந்தது. மற்ற துப்பாக்கி கேம்களில் கதாநாயகன் இருபது குண்டு தாங்குவான். இங்கே நாம் நடத்தும் சாம் ஃபிஷர், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் இரகசியப் பிரிவான தேர்ட் எஷலொன் அனுப்பிய தனி ஆள். நேருக்கு நேர் நின்றால் சில குண்டிலேயே முடிந்துவிடுவார், அதுவும் எக்ஸ்பர்ட் நிலையில் சொல்லவே வேண்டாம். துப்பாக்கியை ஆளைச் சுடுவதற்கான பொருளாகப் பார்ப்பதுதான் முதல் தவறு.

அப்படியானால் எதற்கு அது? பெரும்பாலும் வெளிச்சத்துக்காக. கைத்துப்பாக்கியோடு ஓசிபி என்ற சிறு கருவி இணைந்திருக்கிறது. விளக்கையோ கமெராவையோ குறிபார்த்து அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு அது செயலிழந்து போகும், பிறகு தானே உயிர்பெறும். அந்த இடைவெளியில் கடந்து போய்விடலாம். இதை விட்டுவிட்டு எல்லா பல்பையும் சுட்டு உடைக்கிறவர்கள் உண்டு. உடைந்த சத்தமும் கேட்கும், திடீரென்று இருட்டானதைக் காவலாளியும் கவனிப்பான். சுவிட்சை அணைத்தாலும் அவன் பார்க்க வருவான். அவன் வரவேண்டும் என்று நினைத்து அணைத்தால் அது நல்ல தந்திரம். அவன் வருவான் என்று தெரியாமல் அணைத்தால் மாட்டிக்கொள்வோம்.

இருட்டைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். இரவுக் கண்ணாடியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே என்று ஆசையாக இருக்கும், ஆனால் அதில் வெளிச்சமும் இருட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும். நாம் நிற்கும் இடம் எவ்வளவு வெளிச்சமானது என்ற உணர்வே போய்விடும். இரண்டு விநாடி போட்டுப் பாருங்கள், வழியை மனதில் வாங்குங்கள், கழற்றிவிடுங்கள். பிறகு திரையில் இருக்கும் ஒளிமானியை நம்புங்கள். மொனிட்டரின் பிரகாசத்தைக் கூட்டி வைப்பதும் இதே தவறுதான். உங்களுக்கு எல்லாம் தெரியும், எங்கே மறைவது என்பது மட்டும் தெரியாது.

காவலாளிகளின் பார்வையும் எல்லா இடத்துக்கும் எட்டாது. ராத்திரி தேயிலை மலைப் பாதையில் டோர்ச் லைட்டோடு வருகிறவருக்கு வெளிச்சம் விழும் இடம்தானே தெரியும், பக்கத்துச் செடி மறைவில் ஆள் நின்றாலும் தெரியாது. அவர்களும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் டோர்ச்சை எடுப்பார்கள், தீச்சுடரையும் எறிந்து பார்ப்பார்கள். அப்போது பதறி ஓடுவதுதான் ஆபத்து. வெளிச்சம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, எதிர்ப் பக்கமாக மெதுவாக நகர்ந்தால் போதும்.

எல்லாவற்றையும் விட நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது சத்தத்தில்தான். இந்தத் தொடரின் முந்தைய இரண்டு கேம்களிலும் ஒளிமானி மட்டும் இருந்தது. சத்தமானி இதில்தான் வந்தது. அதில் ஒரு சிறு குறி, சுற்றுப்புறம் எவ்வளவு இரைச்சலாக இருக்கிறது என்று காட்டும். பக்கத்தில் ஏறி இறங்கும் அளவு நாம் போடும் சத்தம். நம் சத்தம் அந்தக் குறிக்குக் கீழே இருக்கும்வரை யாருக்கும் கேட்காது. தாண்டினால் அருகில் இருப்பவன் திரும்புவான். ஆகவே இயந்திரம் உறுமும் அறையில் கொஞ்சம் வேகமாகப் போகலாம், அமைதியான நடைபாதையில் போக முடியாது. ஒரே வேகத்தில் எல்லா இடமும் நடப்பவர்கள் மாட்டுவது இதனால்தான்.

கொம்பியூட்டரில் ஆடுகிறவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: நடையின் வேகத்தை மவுஸ் சக்கரத்தால் கூட்டலாம், குறைக்கலாம். குனிந்துகொண்டு சக்கரத்தைக் கடைசிவரை கீழே உருட்டிப் பாருங்கள், ஃபிஷர் ஊர்வது போலப் போவார். ஆளின் முதுகுக்குப் பின்னால் போகும்போது அந்த வேகம்தான் வேண்டும். மானியையே பார்த்துக்கொண்டு சக்கரத்தை ஒவ்வொரு படியாக உருட்டிப் பழகினால், கை தானாகவே அளவைக் கற்றுக்கொள்ளும்.

இங்கே நம் வீடுகளின் பிரச்சினை ஒன்றும் சேர்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தகரக் கூரையில் விழும் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. ஸ்பீக்கரில் ஆடினால் கேமுக்குள் வரும் காலடிச் சத்தம் எப்படிக் கேட்கும்? காதை மூடும் ஹெட்போன் இல்லாமல் மழை நாளில் இதை ஆட வேண்டாம். கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறானா, எந்தப் பக்கம் நடக்கிறான் என்பதெல்லாம் காதுக்குத்தான் முதலில் தெரியும். விலை கூடிய ஹெட்போன் தேவையில்லை, இடது வலது சரியாகப் பிரிந்து கேட்டால் சரி.

அப்புறம் சேவ் பண்ணும் பழக்கம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அடிக்கடி சேவ் பண்ணுவது நியாயம்தான். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் ஒரே இடத்தில் மேலே மேலே எழுதாதீர்கள். காவலாளி திரும்பும் அதே நொடியில் சேவ் பண்ணிவிட்டால், திறக்கும்போதெல்லாம் அவன் கண்முன்னாலேயே நிற்பீர்கள். மூன்று நான்கு சேவ்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம், யாராவது லேசாகச் சந்தேகப்பட்ட உடனே பழைய சேவுக்கு ஓடுவதும் தவறு. இதை நான் அழுத்திச் சொல்வேன். கேமின் அருமையான நிமிடங்கள் அங்கேதான் இருக்கின்றன: அவன் தேடி வருகிறான், நீங்கள் இருட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், ஒன்றும் கிடைக்காமல் அவன் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போகிறான். ஓடிவிட்டால் அதெல்லாம் கிடைக்காது. அலாரம் அடித்துவிட்டாலும் உடனே தோல்வி என்று நினைக்க வேண்டாம். முந்தைய கேம்களில் சில அலாரத்தோடு மிஷனே முடிந்துவிடும். இதில் காவலாளிகள் உஷாராகி, கவச அங்கியும் தலைக்கவசமும் போட்டுக்கொள்வார்கள். கஷ்டம் கூடும், ஆனால் ஆட்டம் தொடரும்.

எதிரே வரும் எல்லாரையும் வீழ்த்தினால்தான் பாதுகாப்பு என்ற எண்ணமும் வேண்டாம். விழுந்த ஆளை வெளிச்சத்தில் விட்டால் யாராவது கண்டுபிடிப்பான், அதனால் இருட்டு மூலைக்குத் தூக்கிப் போக வேண்டும், அந்த நேரத்தில் உங்கள் கை கட்டப்பட்டிருக்கும். மயக்குவதற்கும் கொல்வதற்கும் பொத்தான் வேறே தவிர நேரம் ஒன்றுதான், எனவே கொல்ல எந்த அவசியமும் இல்லை. யாரையும் தொடாமல் கடந்து போவதே அழகு.

ஆனால் தனியாக நிற்கிறவனைப் பின்னாலிருந்து பிடித்தால், உடனே மயக்கிவிடாதீர்கள். விசாரியுங்கள். கதவின் இரகசிய இலக்கத்தையோ உள்ளே என்ன இருக்கிறது என்பதையோ அவன் சொல்லக்கூடும். உரையாடல் எல்லாம் ஆங்கிலம் என்பதால் நம் பிள்ளைகள் பலர் அதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கொம்பியூட்டர்களில் கிடைக்கும் மின்னஞ்சல்களைப் படியுங்கள். வேகமாக வாசிக்க வராவிட்டால் ஆங்கிலம் தெரிந்த அக்காவையோ கூட்டாளியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் கதை பிடிக்கும்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் பகுதியும் உண்டு. பயிற்சியில் இருக்கும் இரண்டு இளம் உளவாளிகளின் தனிக் கதை அது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி உயரத்தைப் பிடிப்பது மாதிரி, தனியாளால் முடியாத வேலைகள் அதில் நிறைய. அங்கே எல்லாரும் செய்யும் தவறு, இருவரும் ஒரே நேரத்தில் நகர்வது. ஒருவர் நகரும்போது மற்றவர் நின்று காவல் பார்க்க வேண்டும், கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியாக முதல் மூன்று மிஷனை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். மானிகளைப் படிக்கப் பழகாத இருவர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதிலேயே இரவு போய்விடும்.