காதால் படிக்கிற சிற்றிதழ் செய்வது எப்படி

பால்புதுமையினரும் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) மாற்றுத்திறனாளிகளுமாக ஆறு பேர் சேர்ந்து சேலத்தில் 16 பக்கச் சிற்றிதழ் ஒன்று போட்டோம். கோப்பை எல்லோருக்கும் அனுப்பிய அன்று, அதில் கவிதை எழுதிய நண்பராலேயே அதைப் படிக்க முடியவில்லை. அவருக்குப் பார்வை இல்லை. கணினியில் என்விடிஏ என்ற, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக் கேட்டுப் படிப்பவர். இரண்டாம் இதழில் சரிசெய்தோம். படைப்புகளைத் திரட்டுவது, பிழை திருத்துவது எல்லாம் உங்களுக்கே தெரியும், மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதிகிற பொதுக் குறியீட்டு முறை. நாங்கள் விழுந்த பள்ளம் இதுதான். தட்டச்சை ஒரு டிடிபி கடையில் கொடுத்தோம். திரையில் அழகான தமிழ்தான், ஆனால் பாமினி எழுத்துரு. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் வேஷம். 'அம்மா' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்றது என்விடிஏ. கவிதை முழுக்க இதே கதை. கோப்பு வந்ததும் நாலு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. இல்லாவிட்டால் இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு வரிவரியாகப் பார்க்க வேண்டும். எங்களுக்கு மேற்கோள்குறிகள் எல்லாம் கலைந்துபோயின.

அப்புறம் பக்கங்களை அமைக்க லிபரே ஆபீஸ் ரைட்டர் என்ற எழுதும் மென்பொருள். இலவசம், எனக்கு அதுவே போதும். போஸ்டர் செயலியில் செய்து படமாக அனுப்புகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. படத்துக்குள் மாட்டிய எழுத்து காதுக்கு எட்டாது. தலைப்பை வெறுமனே பெரிதாக்காமல் 'ஹெட்டிங் 1' பாணி கொடுங்கள். என்விடிஏவில் எச் விசையைத் தட்டிக் கவிதைக்குக் கவிதை தாவலாம்.

படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைக் காதுக்குச் சொல்லும் விவரிப்பு. 'ஏற்காடு மலைப்பாதை ஓவியம்' என்றுதான் முதலில் எழுதினேன். நண்பர், "அதுல என்னங்க இருக்கு?" என்றார். 'கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டரில் இரண்டு பெண்கள். பின்னால் இருப்பவர் முன்னவரின் தோளில் தாடையை வைத்திருக்கிறார்' என்று மாற்றினேன். அந்தத் தாடையில்தான் ஓவியமே இருக்கிறது.

புனைபெயரில் எழுதுபவர்கள் இருந்தால் கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். கணினிக்காரரின் உண்மைப் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். 'அப்ளை யூசர் டேட்டா' குறியை எடுத்துவிட்டு 'ரீசெட்' அழுத்துங்கள். தான் யாரென்று வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கேட்பவர்களுக்கு இபப் (மின்நூல் கோப்பு வடிவம்) ஆக ஏற்றுமதி செய்யுங்கள். தமிழ் பிடிஎப்பில் கொம்பும் காலும் இடம் மாறி உளறுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அச்சுக்கு, பிரிண்ட் பெட்டியில் 'புரோஷர்'. 16 பக்கத்துக்கு நாலு ஏ4 தாள். ஜெராக்ஸ் கடையில் 'குட்டைப் பக்கமாகத் திருப்பி, பேக்-டு-பேக்' என்று சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் பாதிப் பக்கம் தலைகீழாக வரும். நடுவில் குத்த நீள ஸ்டேப்ளர் இல்லையென்றால் ஊசி நூல் போதும்.

பின்சேர்ப்பு: 16ஆம் பக்கம் முடிந்து 1ஆம் பக்கம் வாசிக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மடிப்பதற்காக வரிசை மாற்றிய அச்சுக் கோப்பு அவருக்குப் போயிருக்கிறது. இப்போது கோப்பின் பெயரிலேயே 'கேட்க', 'அச்சுக்கு' என்று போட்டுவிடுகிறோம்.