எண்ணெய் ஓவியத்துக்கு இறுதி வார்னிஷ்: என் அனுபவம்

என் எண்ணெய் ஓவியம் ஒன்று உலர்ந்தபின், அடர்பழுப்பு பூசிய நிழல் பகுதிகள் மட்டும் சாம்பல் படிந்தவைபோல் மங்கிக் கிடக்க, மற்ற இடங்கள் பளபளத்தன. வார்னிஷ் பூசினால் எல்லாம் சமமாகிவிடும் என்று நம்பி, ஆறாவது வாரத்திலேயே டாமர் என்னும் மரப்பிசினால் ஆன வார்னிஷைப் பூசினேன். அது நெடுநாள் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டது. மங்கிய இடங்களோ அதையும் உறிஞ்சிவிட்டு முன்போலவே நின்றன.

அடுத்த ஓவியத்தில் வரிசையை மாற்றினேன். மங்கிய இடங்களில் மட்டும், மினரல் ஸ்பிரிட் என்னும் கரைப்பானில் நீர்க்கச் செய்த ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்து, மிகுதியைத் துணியால் துடைத்தெடுத்தேன். எண்ணெய் வண்ணம் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுகிறது என்பதால், அதன்பின் எட்டு மாதங்கள் பொறுத்திருந்தேன். மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தை மெல்ல உருட்டிப் பார்த்தபோது பஞ்சில் நிறம் ஏறவில்லை; வண்ணம் இறுகிவிட்டது என்று தெரிந்தது.

டாமர் இயற்கைப் பிசின். காலப்போக்கில் மஞ்சளாகும், பழையதாக ஆக ஆக அதை நீக்க வலுவான கரைப்பான் தேவைப்படும். வருங்காலத்தில் ஓவியத்தைத் தூய்மை செய்பவர் வண்ணத்தைத் தொடாமல் வார்னிஷை மட்டும் கழற்ற முடிய வேண்டும் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஆகவே, நிறம் மாறாத, மென்மையான கரைப்பானிலேயே கரையும் ரீகல்ரெஸ் என்னும் செயற்கைப் பிசினால் ஆன வார்னிஷைத் தேர்ந்தேன். மேட் என்னும் பளபளப்பற்ற வகையில் கலந்துள்ள மங்கலூட்டும் பொருள் ஒளியைச் சிதறடித்துக் கருமையை வெளிறச் செய்யும் என்பதால், பளபளப்பு வகையையே அகலத் தூரிகையால் ஒரே மெல்லிய பூச்சாகப் பூசினேன். நிழல்களின் ஆழம் முழுமையாகத் திரும்பியது.